குழி விழுந்த கல்

மூன்று விரல் போனதில் கிருஷ்ணப்பனுக்குக் கிடைத்த ஒரே லாபம், இனிமேல் யாரும் அவனைச் சீட்டாடக் கூப்பிடமாட்டார்கள் என்பதுதான். ஆடின நாளெல்லாம் தோற்றவன். கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, வலது கையில் மிஞ்சியிருந்த கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் கொஞ்ச நேரம் அசைத்துப் பார்த்தான். பிறகு பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பெண்டாட்டி கெங்கம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"தோ பாருமே. நண்டு."

"சீ, வாயக் கய்வு."

"நெசமாத்தான். உங்க அண்ணன் வலையில மாட்டினேன்னா கூடையில போட்டு வித்துடுவான்."

கெங்கம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு ஐந்து மாதம். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கிருஷ்ணப்பனுக்கு அதற்குமேல் வேடிக்கை ஒன்றும் தோன்றவில்லை. அது அவனுக்கு அபூர்வம்.

திருவொற்றியூரில் ரயில்பாதைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த அந்தக் கம்பெனியை ஜனங்கள் பொட்டிக் கம்பெனி என்பார்கள். தேயிலை அடைத்துச் சீமைக்கு அனுப்பும் பெட்டிகளுக்கு அங்கேதான் பலகை ஆனது. அந்தமானிலிருந்து கப்பலில் வரும் கட்டைகளைத் தொட்டியில் போட்டு ஒரு ராத்திரி முழுக்க வேகவைப்பார்கள். வெந்த கட்டையை இரண்டு முனையிலும் பிடித்து மிஷின் சுற்றும். எதிரே ஓர் ஆள் நீளத்துக்கு பிளேடு. கட்டை சுற்றச் சுற்ற, வாழைப்பட்டை உரிகிற மாதிரி, காகிதம் போலப் பலகை உரிந்து வரும். பார்த்துக்கொண்டே இருக்கலாம். கிருஷ்ணப்பன் ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கட்டைக்குள் ஒரு கணுவோ மணலோ இருந்து பிளேடில் பல் விழுந்துவிட்டால், பலகை நெடுகக் கோடு விழும். கோடு விழுந்த பலகை தள்ளுபடி. சட்டப்படி மிஷினை நிறுத்தி, பிளேடைக் கழற்றி, பின்கட்டு சாணைக்கு அனுப்பவேண்டும். அதற்குள் வெந்த கட்டை ஆறிப்போகும். ஆறின கட்டை வெடிக்கும். வெடித்தால் அன்றைய வேலை அடுப்புக்கு. அதனால் சீவுகிற ஆட்கள் பன்னிரண்டு பேரும் அரைக்கால் சட்டைப் பையில் ஆளுக்கொரு குட்டிச் சாணைக்கல் வைத்திருந்தார்கள். கட்டையை இரண்டு விரற்கடை பின்னால் தள்ளிவிட்டு, அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே கையை உள்ளே விட்டு, பல் விழுந்த இடத்தில் நாலு தேய்ப்பு. அவ்வளவுதான்.

"ஓடும் இயந்திரத்தைத் தொடாதே" என்று சுவரில் பலகை மாட்டியிருந்தது. ஒருவன் கை பைக்குள் போவதைக் கண்டால் மேஸ்திரி பரசுராமன் அந்தப் பலகைப் பக்கம் திரும்பி நின்று இருமுவார். ஒன்பது வருஷத்தில் அந்தப் பலகையை அவரைவிட அதிகம் படித்தவர் கிடையாது. ஆக, கல் என்று ஒன்று கம்பெனியில் இல்லை. இல்லாத கல்லை வைத்துத்தான் கம்பெனி ஓடியது.

கிருஷ்ணப்பனின் கல் மூர் மார்க்கெட்டில் வாங்கியது. தேய்ந்த சோப்புக் கட்டியின் அளவு. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு. எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருப்பான். ஓரத்தில் ஆணியால் "கி" என்று கீறியிருந்தான்.

சாயங்காலமானால் அந்தக் கல் கெங்கம்மாவுக்கு. மார்க்கெட் வாசலில் உட்கார்ந்து, மீன் வாங்குகிறவர்களுக்கு அரிந்து கொடுப்பது அவள் தொழில். குப்பத்துப் பெண். கையில் எப்போதும் நாலு முள் கீறலாவது இருக்கும். வீட்டுக்கு வந்ததும் புருஷன் பையிலிருந்து கல்லை எடுத்து, தண்ணீர் தெளித்து, தன் ஒல்லிக் கத்தியை நடுக் கல்லில் வைத்துச் சர்சர்ரென்று தீட்டுவாள். முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். எப்போதும் நடுவில். இரண்டு வருஷத்தில் இரண்டு பக்கமும் நடுவே பள்ளமாகி, கல் ஒரு சின்னத் தோணி மாதிரி ஆயிற்று. கிருஷ்ணப்பன் அதைக் கவனித்தான். பள்ளம் விழுந்த கல்லை ஓடுகிற மிஷினில் வைக்கக்கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "ஓரமாத் தேய்மே" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அவள் அரிந்து அரிந்து வெந்நீர் பட்டது போல வெளுத்துப்போன விரல்களோடு தீட்டுவதைப் பார்க்கும்போது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவான். நாளைக்கு வேறு கல் வாங்கலாம் என்றும் நினைப்பான். அவனுடைய நாளைகள் பெரும்பாலும் அப்படித்தான்.

ஆவணியில் ஒருநாள், பிளேடில் பல் விழுந்தது. மேஸ்திரி இருமினார். கிருஷ்ணப்பன் கையை விட்டான். பிளேடு கல்லின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ள, சுற்றிக்கொண்டிருந்த கட்டை கையைப் பிளேடின் மேல் இழுத்தது. கல் ஒரு பக்கம் போயிற்று, மூன்று விரல் ஒரு பக்கம் போயிற்று.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பக்கத்து மிஷின்காரன் ஸ்டானிஸ்லாஸ் வீட்டுக்கு வந்தான். ராயபுரத்துக்காரன், ஐந்து பிள்ளைக்காரன். கெங்கம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். வந்தவன் கதவைச் சாத்திவிட்டுத் தூக்குச் சட்டியைத் திறந்தான். உள்ளே எண்ணெய்த் துணி.

"இன்னாடா இது, கருவாடா?"

"உன் கல்லு மாமு. அன்னிக்கே சீவல்ல கெடந்துச்சி, எட்த்து அமுக்கிகினேன். இத்தினி நாளு வூட்ல வெச்சிகினு தூக்கமே இல்ல."

கிருஷ்ணப்பன் துணியைப் பிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டுக்கோ. பூஜக்கி மறுநாள் விட்டு அடுத்த நாளு வெசாரண. கல்லுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. கட்டையில கணு இருந்திச்சி, சீவல தள்ளப் போனேன், கை வயிக்கிடிச்சி. அவ்ளோதான் நீ சொல்லணும். மீதிய யூனியன் பக்தவச்சலம் பேசிக்குவாரு. உனக்கு கேட்டுல வேல. குந்திகினே பாக்கலாம்."

"கேட்டுல இன்னாடா பண்றது?"

"வர்ற லாரிக்கு கதவத் தொறக்கணும், போற லாரிக்கு சலாம் வெக்கணும்."

"ரெண்டு வெரல்ல சலாம் வெச்சா ஒத்துக்குவானா?"

"யோவ், வெளயாடாத. அக்கா இன்னும் எத்தினி நாளு குந்திகினு மீனு அரிய முடியும்? வயிறு முட்டுது. இந்த வேல கெடைக்கலன்னா ரெண்டு பேரும் இன்னா பண்ணுவீங்க? இந்தக் கல்லு எவன் கண்ணுலயும் படக்கூடாது. கடல்ல கடாசிடு. நாங்க கூட இந்த வருசம் எவனும் பூஜையில கல்லு வெக்கப்போறது இல்ல."

அது பெரிய விஷயம். மற்ற நாளெல்லாம் இல்லாத கல், ஆயுத பூஜை அன்று மட்டும் இருக்கும். ஸ்பானர், ரம்பம், சுத்தியலோடு பன்னிரண்டு குட்டிக் கற்களும் சந்தனம் குங்குமம் இட்டுக்கொண்டு தட்டில் வரிசையாக உட்காரும். சோறு போடுகிற கல்லுக்குப் பொட்டு வைக்காமல் எப்படி? மானேஜரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கற்களைப் பார்க்காமல் சுண்டலைப் பார்ப்பார்.

சாயங்காலம் கெங்கம்மா வந்ததும் கிருஷ்ணப்பன் எண்ணெய்த் துணியை அவளிடம் நீட்டினான்.

"உங்க அண்ணன் நாளிக்கி கட்டுமரம் தள்றப்ப இத்தக் குடுத்து நடுக்கடல்ல கடாசச் சொல்டு."

பிரித்துப் பார்த்தவள் தேள் கொட்டினது போலக் கையை உதறினாள். துணியில் காய்ந்த கறை.

"இது எப்டி இங்க வந்திச்சி? ஏன் கடாசணும்?"

இங்கேதான் கிருஷ்ணப்பன் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். விசாரணை, கணு, கேட்டு வேலை எல்லாவற்றையும். ஆனால் கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு பள்ளத்தில் போய் நிற்கும். நீ தீட்டின பள்ளம்தான் என் விரலைத் தின்றது என்று வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் எந்த வாயால் சொல்வது? வழக்கம்போல வேடிக்கை பேசிவிட்டான்.

"அது ராசியில்லாத கல்லுமே. வூட்ல வெச்சிருந்தா மீதி ரெண்டு வெரலயும் கேக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். கெங்கம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான்யா காரணம்," என்றாள்.

கிருஷ்ணப்பன் சட்டென்று கல்லின் பள்ளத்தைப் பார்த்தான். "இன்னா சொல்ற?"

"போன வருசம் பூஜையன்னிக்கி வஞ்சிரம் வந்து குமிஞ்சிது. கத்தி மொக்கையா கீது, கல்லக் குடுத்துட்டுப் போன்னு புடுங்கி வெச்சிகினேன். எல்லார் கல்லுக்கும் பொட்டு வெச்சாங்க. உன்னுது மட்டும் என்கிட்ட கவுச்சியில கெடந்திச்சி. ஆயுதத்துக்கு ஓய்வு குடுக்கிற நாளு. நான் அன்னிக்கி பூரா தேச்சிகினு இருந்தேன். அம்மா சும்மா வுடுவாளா?"

அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. நல்லவேளை, அம்மன் மேல் பழி போயிற்று என்று நினைத்தான். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல. கடாசிடு" என்றான்.

ஆனால் ரத்தம் குடித்த பொருளைக் கடலில் போடக் குப்பத்துப் பெண்ணுக்குக் கை வருமா? அவள் அண்ணன் வலை போடுகிற கடல். கெங்கம்மா கல்லைக் கழுவி, மஞ்சள் தடவி, உப்புப் பானைக்குள் புதைத்து வைத்தாள். கிருஷ்ணப்பன் கேட்டதற்கு, குடுத்தாச்சு என்றாள்.

பூஜையன்று மழை மூட்டமாக இருந்தது. கம்பெனி வாசலில் வாழைமரம், உள்ளே கலர்க் காகிதம். அன்று ஒருநாள்தான் பெண்டு பிள்ளைகள் உள்ளே வரலாம். கிருஷ்ணப்பன் துண்டால் கையை மூடிக்கொண்டு போனான். ஆளாளுக்கு நலம் விசாரித்தார்கள். அவனும் ஆளாளுக்கு ஒரு நண்டு கதை சொன்னான். மிஷின் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

கெங்கம்மா வாழையிலையால் மூடிய தாம்பாளத்தோடு பெண்கள் கூட்டத்தில் நின்றாள். வெற்றிலை பாக்கு, தேங்காய் என்று நினைத்துக்கொண்டான். மணி அடிக்க ஆரம்பித்தபோது அவள் முன்னால் போய்த் தாம்பாளத்தை ஆயுதங்களின் முன் வைத்து, இலையை எடுத்தாள். நடுவில் கல். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டிச் சிவப்புத் தடவி வைத்திருந்தாள். மல்லிகைப் பூ வேறு.

ஸ்டானிஸ்லாஸ் "ஏசுவே" என்றான். மேஸ்திரி இரும ஆரம்பித்தார், நிறுத்தவே முடியவில்லை.

கிருஷ்ணப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நகர்ந்தான். துண்டை அதன் மேல் போட்டுவிடலாம். காலால் தட்டிவிடலாம். அதற்குள் கற்பூரம் வந்துவிட்டது. மானேஜர் குனிந்து கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணைத் திறந்தார். மற்ற வருஷம் பன்னிரண்டில் ஒன்றாக இருந்திருந்தால் பார்க்காமல் விட்டிருப்பார். தனியாகப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்ன செய்வது? இரண்டு நாளில் விசாரணை. பக்கத்தில் சென்னை ஆபீசிலிருந்து வந்த இரண்டு பேர் நிற்கிறார்கள்.

"இது யாருடையது?" என்றார். குரல் மெதுவாகத்தான் இருந்தது.

நூற்றைம்பது ஆட்கள் ஒரே சமயத்தில் சுண்டலைப் பார்த்தார்கள்.

"எங்க வூட்டுக்காரருதுங்க சாமி," என்றாள் கெங்கம்மா. கைகூப்பியிருந்தாள். "போன வருசம் வெக்காம வுட்டதாலதான் இப்டி ஆயிப்பூட்ச்சி. ரத்தம் பாத்த கல்லுங்க. நீங்களும் ஒரு பூ போட்டுடுங்க."

மானேஜர் பூப் போட்டார். போட்டுவிட்டு, மேஸ்திரியைப் பார்த்து, "எடுத்து என் மேஜையில் வையுங்கள்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் கிருஷ்ணப்பன் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னான், பள்ளத்தைத் தவிர. கெங்கம்மா ரயில்பாதை ஓரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருக்கணும்."

"அட்ச்சிடுயா. நாலு அடி அட்ச்சிடு."

"எந்தக் கையால?" என்றான். அப்போது இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்தது. கெங்கம்மாவுக்குச் சிரிப்பாக ஆரம்பித்தது சிரிப்பாக முடியவில்லை.

விசாரணை அறையில் மின்விசிறி ஓடியது. மேஜைக்கு நடுவில் கல். குங்குமம் இன்னும் போகவில்லை. கெங்கம்மாவை உள்ளே விடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"அன்றைக்குக் குடித்திருந்தாயா?" என்று சென்னை ஆபீஸ்காரர் ஆரம்பித்தார்.

"எங்கங்க குடிக்கிறது? மதுவெலக்கு. வார்னிஷத்தான் நீங்க கோடவுன்ல பூட்டி வெச்சிகிறீங்களே."

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா சிரித்துவிட்டு, சிரித்ததை எழுதாமல் விட்டான்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். இந்த மாதிரிக் கல்லைப் பார்த்ததே இல்லை என்றார்கள். ஸ்டானிஸ்லாஸ் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே, "கல்லுன்னா எனுக்கு அம்மிக்கல்லுதான் தெரியும் சார்" என்றான். சொல்லும்போது அவன் அரைக்கால் சட்டையின் வலது பையில் சின்னதாக ஒரு சதுரம் துருத்திக்கொண்டிருந்தது. மேஸ்திரி பரசுராமன் சுவர்ப் பக்கம் திரும்பி இருமினார். கிருஷ்ணப்பனுக்குக் கோபம் வரவில்லை. ஐந்து பிள்ளை. அவனாக இருந்தாலும் அம்மிக்கல் என்றுதான் சொல்லியிருப்பான். இவ்வளவு நன்றாகச் சொல்லியிருப்பானா என்பதுதான் சந்தேகம்.

மானேஜர் கல்லை எடுத்து விளிம்பின் மேல் கண்ணை வைத்துப் பார்த்தார். அவரும் மிஷினில் வேலை பார்த்து மேலே வந்தவர்தான்.

"இந்தப் பள்ளம் மிஷின் பிளேடால் விழுந்தது இல்லை. ஒல்லியான கத்தியைத் தீட்டி விழுந்தது. வீட்டில் யாராவது உபயோகித்தார்களா?"

யூனியன் பக்தவச்சலம் நாற்காலியோடு நகர்ந்து வந்து கிருஷ்ணப்பன் காதில் ஊதினார். "ஆமான்னு சொல்லு. வூட்ல பொம்பள தேச்சிகினு இருந்திச்சி, பள்ளம் வியுந்தத நான் பாக்கலன்னு சொல்டு. தெரியாம நடந்தது ஆயிடும். கேட்டு வேலக்கி நான் பொறுப்பு. அவரே வயி காட்றாரு, புரியல?"

புரிந்தது. மானேஜர் கல்லைக் கீழே வைக்காமல் காத்திருந்தார். நல்ல மனுஷர். கிருஷ்ணப்பன் ஜன்னலைப் பார்த்தான். கெங்கம்மா மரத்தடியில் உட்காரப் பார்த்து, முடியாமல் மறுபடி நின்றாள். கேட்டு வேலை கிடைத்தால் நாளையிலிருந்து அவள் வீட்டில் இருக்கலாம். ஆமாம் என்று ஒரு சொல். அந்தச் சொல்லைக் குமாஸ்தா எழுதுவான். எழுதினது சாயங்காலத்துக்குள் லைன் வீடுகள் பூராவும் பரவும். மார்க்கெட் பூராவும் பரவும். இவள்தான் புருஷன் விரலை அரிந்தவள் என்று ஒவ்வொரு மீன் கூடையும் சொல்லும். பிள்ளை பிறந்தால் அதற்கும் யாராவது சொல்வார்கள்.

"யாரும் தேய்க்கலீங்க," என்றான். "நான்தான். கால் நகம் சீவிகினு இருந்தேன்."

"கல்லில் நகம் சீவியா இவ்வளவு பள்ளம்?"

"கெட்டி நகங்க. எங்கப்பாவுக்கும் அப்டித்தான்."

"பள்ளம் இருப்பது தெரிந்தே ஓடுகிற மிஷினில் வைத்தாயா?"

"தெரிஞ்சேதாங்க."

பக்தவச்சலம் தலையில் அடித்துக்கொண்டார். குமாஸ்தா எழுதினான். விதியை மீறியது, தெரிந்தே மீறியது, கிண்டலாகப் பதில் சொன்னது. கடைசியில் இடது கைக் கட்டைவிரலை மையில் தோய்த்து உருட்டினார்கள். வேலை அன்றோடு முடிந்தது. வெளியே வரும்போது குமாஸ்தா கல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்தான். "சொந்தச் சாமான். கம்பெனியில் வெச்சிக்கக்கூடாது."

மறுவாரம் ஒரு நாள், விடிந்தும் விடியாமலும், மார்க்கெட் வாசலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி மழை பெய்து தரையெல்லாம் சேறும் செதிலுமாக இருந்தது. இப்போது கெங்கம்மாவுக்குக் குனிய முடியவில்லை. மீனை எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் ஊற்றுவது, குடலை வாரிப் போடுவது எல்லாம் கிருஷ்ணப்பன். "நண்டுக்கு மீன் வேலை தெரியாதா?" என்று வருகிறவர்களிடம் சொல்வான்.

கொடுவாய் ஒன்றை அரியும்போது கத்தி வழுக்கியது. எதிரே கூடையோடு ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"கத்தி மொக்கையா கீது. கல்லு எங்க?" என்றாள் கெங்கம்மா. பூஜைக்குப் பிறகு அவள் கல்லைத் தொடவில்லை. அவன் இடுப்பிலிருந்து எடுத்தான். உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் இறுக்கிப் பிடித்து நீட்டினான். பிடிக்க வாகாகத்தான் இருந்தது.

தண்ணீரைத் தெளித்துக்கொண்டே கெங்கம்மா கேட்டாள். "நெசமாச் சொல்லு. குயி வியுந்த கல்லாலதான் வெரலு போச்சின்னு பக்தவச்சலம் சொல்றாரு. நகம் சீவி குயி வியுந்திச்சின்னு நீ எய்திக் குடுத்தியாம். உன் காலுல நகம் எங்கய்யா கீது? நகம் சீவினா கல்லுல குயி..."

கத்தியைக் கல்லின் மேல் வைத்தாள். அது நேராகப் பள்ளத்துக்குள் இறங்கிப் பதிந்து உட்கார்ந்தது. இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நூல் இடைவெளி இல்லை. உறைக்குள் போன மாதிரி.

அவள் கையை எடுக்கவில்லை. கத்தியைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். கல்லைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு விரல்களையும், நடுவே இல்லாத மூன்றையும் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"நகம்மே," என்றான் கிருஷ்ணப்பன். "கெட்டி நகம். கம்பெனி பேப்பர்ல எய்தி கைநாட்டு வாங்கிகினாங்க. அப்பால நீ இன்னா மாத்தி சொல்றது?"

"இன்னாம்மா, நான் ரயிலுக்குப் போகணும்," என்றாள் கூடைக்கார அம்மாள்.

கெங்கம்மா கத்தியை எடுத்துக் கல்லின் ஓரத்தில் வைத்தாள். ஓரத்தில் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பதம் ஏறவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். அம்மாள் செருமினாள். கெங்கம்மா கண்ணை மூடிக்கொண்டு, கத்தியைத் திரும்பவும் நடுப் பள்ளத்தில் வைத்துத் தீட்டத் தொடங்கினாள். கிருஷ்ணப்பன் கல் நகராமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.